சனிக்கிழமைப் புலம்பல் கச்சேரி

கேள்வி: நானும் கணவரும் தாய்லாந்தின் சியாங் மாய் நகருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நான் ஒரு பன்னாட்டுப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. எங்கள் குடியிருப்பில் பாதிப்பேர் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்கள். சனிக்கிழமை மாலைதோறும் பக்கத்து வீட்டு ஜெர்மானியரின் முற்றத்தில் கூடுவார்கள், எங்களையும் அழைப்பார்கள். நல்ல மனிதர்கள்தான். என் கணவருக்கு டெங்கு வந்தபோது இரவு இரண்டு மணிக்குக் காரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தவர் எதிர்வீட்டு ஆங்கிலேயர். ஆனால் உட்கார்ந்தால் பேச்செல்லாம் ஒரே புலம்பல். விசா, போக்குவரத்து, புகை, வெளிநாட்டவருக்குத் தனி விலை என்று சுற்றிக் கடைசியில் "இந்த ஜனங்களே இப்படித்தான்" என்று முடியும். ஜெர்மானியரின் மனைவி தாய்லாந்தின் ஈசான் பகுதியைச் சேர்ந்தவர். ஓரமாக உட்கார்ந்து கொய்யாவும் பப்பாளியும் நறுக்கித் தருவார். வாய் திறக்க மாட்டார். போன வாரம் பாத்திரம் கழுவ உதவப் போனேன். "உங்கள் வீட்டிலும் எங்களைப் பற்றி இப்படித்தான் பேசுவீர்களா?" என்று மெல்லக் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று மாலை "இந்த ஊரில் ஒருவருக்கும் வண்டி ஓட்டத் தெரியாது" என்று சொன்னவள் நான்தான். இனி அங்கே போகவேண்டாம் என்று நினைக்கிறேன். "அவசரத்துக்கு இவர்களை விட்டால் நமக்கு யார்?" என்கிறார் கணவர். என்ன செய்யட்டும்?

– சியாங் மாய் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, வண்டி ஓட்டுவதைப் பற்றிப் பேசியது நீங்கள்தான் என்பதை நீங்கள் மறைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்திருக்காது. மறைக்காமல் எழுதியதால் உங்களிடம் நேராகவே பேசலாம்.

நானும் அந்த நாட்டில் நான்கு ஆண்டுகள் குடித்தனம் செய்தவள்தான். பாங்காக்கில், சிலோம் சாலை மாரியம்மன் கோயிலிலிருந்து நடக்கும் தூரத்தில் வீடு. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் நாங்கள் ஏழெட்டுத் தமிழ்ப் பெண்கள் கோயில் வாசலில் நின்று பேசுவோம். எங்களிடம் பீர் இல்லை, பிரசாதம் இருந்தது. மற்றபடி உங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் எங்களுக்கும் வித்தியாசமில்லை. எதைத் தொட்டாலும் மீன்சாறு, வீட்டுக்காரர் குழாயைச் சரிசெய்யவில்லை, டாக்சிக்காரன் மீட்டர் போடமாட்டேன் என்கிறான். வாசலில் சாமந்தி மாலை விற்கும் தாய்லாந்துப் பெண்மணிக்கு எங்களிடம் வியாபாரம் செய்தே 'பூ', 'போதும்', 'சீக்கிரம்' என்று சில தமிழ்ச் சொற்கள் பழகியிருந்தன. ஒருநாள் என்னைத் தனியாக அழைத்து, "நீங்கள் எல்லாரும் 'ஐயோ, ஐயோ' என்கிறீர்களே, யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று உண்மையான கவலையோடு கேட்டார். அதற்கப்புறம் நான் வாசலில் நிற்பதைக் குறைத்துக்கொண்டேன். முழுதாக நிறுத்திவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

ஆகவே உங்கள் அண்டைவீட்டாரை நான் ஒரேயடியாகத் தூக்கி எறியமாட்டேன். அந்த ஆங்கிலேயர் எப்படி வாழ்கிறார் என்று பாருங்கள். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர் ஓய்வுக்கால அனுமதியில் அங்கே தங்க வேண்டுமானால் தாய்லாந்து வங்கியில் 8 லட்சம் பாட் போட்டுவைக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அந்த அனுமதி ஓராண்டுக்குத்தான். ஆண்டுதோறும் 1,900 பாட் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் 90 நாளுக்கு ஒருமுறை "இன்னும் இந்த முகவரியில்தான் இருக்கிறேன்" என்று குடிவரவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மறுநுழைவு அனுமதி வாங்காமல் பேத்தி கல்யாணத்துக்கு விமானம் ஏறினால், கையிலிருக்கும் அனுமதி காலாவதி. உங்களுக்குப் பள்ளி அலுவலகமே காகிதங்களைப் பார்த்துக்கொள்ளும். எழுபத்தைந்து வயதுக்காரர் தானேதான் கோப்பைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். முன்பெல்லாம் தூதரகம் ஒரு வருமானக் கடிதம் கொடுக்கும். அதைக் காட்டினால் போதும். 2019 தொடக்கத்தோடு பிரிட்டன், அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்றும் அந்தக் கடிதத்தைத் தருவதை நிறுத்திவிட்டன.

அவருடைய ஓய்வூதியமும் ஒரு தனிக்கதை. பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் உள்நாட்டில் ஆண்டுதோறும் ஏறும். தாய்லாந்தில் குடியிருப்பவருக்கு ஏறாது. முதல் மாதம் எத்தனை பவுண்டோ, சாகும்வரை அத்தனை பவுண்டுதான். பிலிப்பைன்ஸுக்குப் போயிருந்தால் ஏறியிருக்கும் என்பது அவர்கள் வயிற்றெரிச்சலில் ஒன்று. 2006-ஐ ஒட்டி ஒரு பவுண்டை மாற்றினால் 70 பாட் கிடைத்தது. பிரெக்சிட் வாக்கெடுப்புக்குப் பிறகு அது நாற்பதுகளுக்கு இறங்கிவிட்டது. போதாக்குறைக்கு, ஆண்டில் 180 நாளோ அதற்கு மேலோ தங்குகிறவர் வெளிநாட்டில் ஈட்டி உள்ளே கொண்டுவரும் வருமானத்தின்மீது வரிவிதிப்பை 2024 முதல் இறுக்கிவிட்டார்கள். இந்த மனிதர் சனிக்கிழமை மாலையில் இரண்டு பீருக்குப் பிறகு விசாவைப் பற்றிப் பேசாமல் வேறு எதைப் பற்றிப் பேசுவார்?

ஜெர்மானியருக்கும் ஒரு பாடு உண்டு. அது சொந்த வீடென்றால் நிலம் மனைவி பெயரில்தான் இருக்கும், ஏனென்றால் வெளிநாட்டவர் அங்கே பொதுவாக நிலம் வாங்க முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வீடு வாங்கலாம், அதுவும் மொத்தப் பரப்பில் 49 சதவீதம்வரைதான் வெளிநாட்டவர் கையில் இருக்கலாம். மனைவி பெயரில் நிலம் பதியும்போது, "இந்தப் பணம் முழுக்க அவளுடையது, எனக்கு இதில் உரிமை இல்லை" என்று கணவர் நில அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். தன் முற்றத்தில் உட்கார்ந்து உபசரிக்கிறவர், எழுத்தின்படி அந்த நிலத்துக்கு விருந்தாளி. (அந்தச் சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. பணக்கார நாட்டுக்காரர்கள் வந்து மண்ணை வாங்கிக் குவித்த ஊர்களில் உள்ளூர்க்காரன் கதி என்னவாயிற்று என்பது தெரிந்ததுதான்.)

இவையெல்லாம் காகிதத்தின்மீதும் பணத்தின்மீதும் உள்ள குறைகள். காதுகொடுத்துக் கேளுங்கள். என் கோபம் "இந்த ஜனங்களே இப்படித்தான்" என்பதன்மீதுதான்.

புகையை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சியாங் மாயில் எதிரே இருக்கும் மலை கண்ணுக்குத் தெரியாது. வயல் கொளுத்துவது, காட்டுத் தீ, எல்லைக்கு அப்பால் மியான்மரிலிருந்து வருவது எல்லாம் சேர்ந்த புகை. "இவர்களுக்கு அக்கறையே இல்லை" என்று உங்கள் முற்றத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் 2023-இல் பிரதமர்மீதே வழக்குப் போட்டவர்கள் சியாங் மாய்க்காரர்கள். 2024 ஜனவரியில் அங்குள்ள நிர்வாக நீதிமன்றம், 90 நாளுக்குள் அவசரத் திட்டம் வகுக்கும்படி அரசுக்கு உத்தரவிட்டது. (அரசுக்கும் 90 நாள் கெடு வந்ததைக் கேட்டு உங்கள் ஆங்கிலேயர் சிரிப்பார், சொல்லிப் பாருங்கள்.) நாற்காலியில் சாய்ந்து இருமுகிறவர்களுக்கு இந்தச் செய்தி எட்டியிருக்கவே வாய்ப்பில்லை. எட்டாததற்குக் காரணம் எளியது: அந்த ஊர்ச் செய்தித்தாள் அவர்களுக்குப் படிக்க வராது.

நீங்கள் சொன்ன வாக்கியமும் இந்த வகைதான். சாலை விபத்துச் சாவுகளில் தாய்லாந்தின் நிலை உண்மையிலேயே மோசம். ஆசியாவிலேயே மோசமான நாடுகளில் ஒன்று. செத்துப்போகிறவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிளில் போகிற உள்ளூர்க்காரர்கள். ஜெர்மானியரின் மனைவியுடைய கிராமத்தில் அப்படி ஒருவரை இழக்காத வீடு எத்தனை இருக்கும்? கவலையோடு சொல்ல வேண்டியதை நீங்கள் இளப்பமாகச் சொல்லிவிட்டீர்கள்.

தனி விலை விஷயத்தில் மட்டும் நீங்கள் வாயே திறக்க வேண்டாம். கௌ யாய் தேசியப் பூங்காவில் வெளிநாட்டவருக்கு 400 பாட், உள்ளூர்க்காரருக்கு 40. அந்த உள்ளூர் விலையைப் பல இடங்களில் அந்த நாட்டு எண்களில் எழுதிவிடுவார்கள், நாம் ௪௦ என்று எழுதுவதுபோல. வெள்ளைக்காரர்களுக்கு இது பெரிய அவமானம். மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலில் நாம் 40 ரூபாய்க்குப் போகும்போது அவர்களிடம் 600 வாங்குகிறோம். இதிலே இன்னொரு வேடிக்கை: வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பில் இருப்பதால் தாய்லாந்துக்காரரை நம் தொல்லியல் துறை 40 ரூபாய்க்கே உள்ளே விடுகிறது. கௌ யாய்க்கு இந்தியர் போனால் 400 பாட்தான். உண்மையில் குறை சொல்ல உரிமையுள்ளவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் பேசாமல் இருங்கள் என்கிறேன். பேசினால் அது உங்களை அவர்கள் கட்சியில் சேர்த்துவிடும்.

நீங்கள் அவர்கள் கட்சி இல்லை என்பது அந்த ஊர்ச் சொற்களிலேயே இருக்கிறது. வெள்ளைக்காரரை அங்கே 'ஃபராங்' என்பார்கள். பாரசீகம் வழியாக ஊர் ஊராகச் சுற்றிய சொல். நம்மிடம் 'பறங்கி' ஆகிப் பறங்கிமலையிலும் பறங்கிப்பேட்டையிலும் உட்கார்ந்துவிட்டது. சில வெள்ளைக்காரர்கள் அதை வசை என்று எடுத்துக்கொண்டு முகம் சுளிப்பார்கள். பெரும்பாலும் அது வெறும் அடையாளம். நீங்களும் நானும் 'கேக்'. தின்கிற கேக் இல்லை. விருந்தாளி என்று பொருள். சிலோம் மாரியம்மன் கோயிலுக்கே உள்ளூர்ப் பெயர் 'வாட் கேக்'. அந்தச் சொல்லிலும் சில வாய்களில் இளக்காரம் ஒட்டிக்கொண்டுதான் வரும், அதையும் மறைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண் உங்களிடம் கேட்டாரே, தன் கணவரிடமோ எதிர்வீட்டு ஆங்கிலேயரிடமோ கேட்கவில்லையே, கவனித்தீர்களா? உங்களிடம் கேட்டால் புரியும் என்று நினைத்திருக்கிறார்.

அவர் ஏன் முற்றத்திலேயே பேசவில்லை என்று உங்கள் வெள்ளைக்கார நண்பர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்; ஒப்புக்கொள்கிறார் என்றே நினைத்திருப்பார்கள். அந்த ஊரில் 'க்ரெங் ஜாய்' என்று ஒன்று உண்டு. அதை ஆங்கிலத்தில் விளக்க அரைப் பக்கம் செலவழிப்பார்கள். நமக்கு ஒரே சொல் போதும்: தாட்சண்யம். வீட்டுக்கு வந்தவர் முகம் சுண்டக்கூடாது, கணவர் தலைகுனியக்கூடாது. அந்தத் தாட்சண்யத்தை மீறி உங்களிடம் அவர் வாயைத் திறந்திருக்கிறார். நீங்கள் இப்போது போவதை நிறுத்தினால், தான் கேட்டதால்தான் நிறுத்திவிட்டீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். ஆகவே போகத்தான் வேண்டும்.

ஆனால் அதற்கு முன் ஒரு பகல் வேளையில், கணவர்மார் இல்லாதபோது, அவரிடம் போங்கள். அவர் கேட்ட கேள்விக்குப் பதில் பாக்கி இருக்கிறது. "ஆமாம், சில நாள் எங்கள் வீட்டிலும் பேசுவோம். அன்று நான் சொன்னது தப்பு" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும். மற்றவர்களுக்காக மன்னிப்புக் கேட்கப் போகாதீர்கள். அது அவர் கணவரைக் குறை சொல்வதாகிவிடும், உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

அப்படியே அவரிடம் எழுத்துக் கற்றுக்கொள்ளுங்கள். (தாய் மொழி என்று எழுதினால் தாய்மொழி என்று படித்துவிடுவீர்கள் என்று பயந்து தாய்லாந்து மொழி என்றே எழுதுகிறேன்.) 44 மெய்யெழுத்துகள், ஐந்து தொனிகள் என்று கேட்டதும் முற்றத்து நண்பர்கள் அத்தனை பேரும் முதல் வாரத்திலேயே புத்தகத்தை மூடியிருப்பார்கள். உங்களுக்கு அவ்வளவு கஷ்டமில்லை. அது பல்லவர் எழுத்து கம்போடியாவின் கெமர் எழுத்தாக மாறி, அதிலிருந்து கிளைத்தது. வரிசை அப்படியே நம்முடையது: க வரிசை ங-வில் முடியும், ச வரிசை ஞ-வில் முடியும், பிறகு ட, த, ப வரிசைகள், அப்புறம் ய, ர, ல, வ. இடையில் நமக்கில்லாத எழுத்துகள் செருகியிருக்கும், அவ்வளவுதான். பள்ளியில் பிள்ளைகள் ஆசிரியர்களை 'க்ரூ' என்று கூப்பிடுகிறார்களே, அது நம் 'குரு'தான் என்பது தெரியுமா? தொனிதான் படுத்தும். அதற்கு அவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

சனிக்கிழமை விசாப் பேச்சு வந்தால் ஆங்கிலேயருக்கு உதவுங்கள். அவருடைய 90 நாள் அறிவிப்பை இணையத்திலேயே பதியலாம். கணக்கு ஆசிரியைக்கு அது பத்து நிமிட வேலை. டெங்கு இரவுக்குக் கைம்மாறாகவும் இருக்கும். "இந்த ஜனங்களே" என்று யாராவது ஆரம்பித்தால் வாதாட வேண்டாம். எழுந்து அந்தப் பெண்ணின் பக்கம் போய், ஒரு கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுங்கள்.

தட்டில் கொய்யா இருந்தால் அதன் பெயரைக் கேளுங்கள். 'ஃபராங்' என்பார். போர்த்துகீசியரோடு வந்த பழம் என்பதால் பழத்துக்கும் அந்தப் பெயரே என்று சொல்வார்கள். நாம் பூசணியில் ஒன்றைப் பறங்கிக்காய் என்று சொல்லவில்லையா, அதுபோல. ஜெர்மானியர் ஒரு துண்டை மிளகாய் உப்பில் தொட்டு வாயில் போடும்போது, அந்தப் பெண்ணின் காதில் மட்டும் "ஃபராங் கின் ஃபராங்" என்று சொல்லுங்கள். பறங்கி பறங்கியைத் தின்கிறான் என்று அர்த்தம். அந்த நாட்டின் பழைய வேடிக்கை அது. அவர் சின்ன வயதிலிருந்தே கேட்டிருப்பார். அந்த முற்றத்தில் இதுவரை அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.