பயிற்றுநர் ஆளா, தானியங்கிப் பதிலா?

சிங்கப்பூரில் வேலைக்குப் போகும் ஆண்கள் இணையவழி எடைக் குறைப்புத் திட்டங்களைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: வயது 38, உயரம் 172 செ.மீ., எடை 92 கிலோ. மென்பொருள் வேலை. மூன்று மாதத் திட்டத்துக்கு 600 வெள்ளி (டாலர்) கேட்கிறார்கள். 'உங்களுக்கென்றே தனி கோச்' என்கிறார்கள். கட்டலாமா?
— செங்காங் வாசகர்

பதில்: உங்கள் உடல் எடைக் குறியீடு, அதாவது பிஎம்ஐ, 31. இங்கே ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து தொடங்குகிறது, 27.5-ஐத் தாண்டினால் அதிக ஆபத்து. எனவே குறைக்கத்தான் வேண்டும். முதல் இலக்காக எடையில் 5 விழுக்காட்டை, உங்களுக்கு நாலரைக் கிலோவை, வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் நடக்கக்கூடியதுதான். '20 கிலோ இறக்கிக் காட்டுகிறோம்' என்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் இறங்கினால் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பு கூடும், தசையும் சேர்ந்து கரையும்.

காலடி எண்ணவும் சாப்பாட்டைக் குறித்துவைக்கவும் சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலி இலவசமாகவே இருக்கிறது. ஆகவே நீங்கள் கட்டும் காசு முழுவதும் அந்த மனிதருக்குத்தான். அவரைப் பற்றித்தான் விசாரிக்க வேண்டும். அவர் உணவியல் படித்தவரா, உடற்பயிற்சிச் சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவரா? மூன்று மாதத்தில் நேருக்கு நேர் காணொளிப் பேச்சு எத்தனை முறை, எத்தனை நிமிடம்? குறுஞ்செய்திக்கு எத்தனை மணி நேரத்தில் பதில் வரும், வாரயிறுதியிலும் வருமா? ஒரே நேரத்தில் எத்தனை பேரைக் கவனிக்கிறார்? கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் அதுவே பதில்.

முதல் சந்திப்பு அரை மணி நேரமாவது ஓட வேண்டும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், கடைசி ரத்தப் பரிசோதனை எப்போது, முன்பு முயன்று எங்கே விட்டீர்கள் என்றெல்லாம் கேட்க வேண்டும். பேசி முடித்த பத்தாவது நிமிடம் உணவு அட்டவணை வந்து விழுந்தால், அது எல்லாருக்கும் போகும் அட்டவணை.

இலவசச் சோதனை வாரம் கிடைத்தால் ஒரு காரியம் செய்யுங்கள். 'இன்று கூட்டம் இழுத்துவிட்டது. மதியம் மீ கோரெங், இப்போது இரவு ஒன்பதரை, வீட்டில் மூன்று தோசையும் சாம்பாரும் இருக்கின்றன. என்ன செய்யட்டும்?' என்று எழுதுங்கள். 'இரண்டு தோசை, சாம்பாரில் பருப்பைக் கூட்டிக்கொள்ளுங்கள், ஒரு முட்டை சேருங்கள்' என்பதுபோல் பதில் வந்தால் அந்தப் பக்கம் ஆள் இருக்கிறார். 'மனம் தளராதீர்கள், காய்கறி அதிகம் சாப்பிடுங்கள்' என்று வந்தால் 600 வெள்ளி உங்கள் பையிலேயே இருக்கட்டும்.

மாதாமாதம் கட்டும் வழி உண்டா என்று கேளுங்கள். தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இருந்தால் நிறுத்தும் விதிமுறையைப் படம்பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். தகராறு வந்தால் முதலில் சிங்கப்பூர் பயனீட்டாளர் சங்கம். அதற்கு மேல் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். அங்கே 20,000 வெள்ளி வரை கோரலாம். ஆனால் நிறுவனம் வெளிநாட்டில் பதிவானதென்றால் வாங்குவது பெரும்பாடு. பணம் கட்டுமுன் அதையும் பாருங்கள்.

கேள்வி: எனக்குப் பன்னிரண்டு மணி நேர இரவு வேலை. கோச் அனுப்பும் திட்டமோ 'காலை 8 மணி சிற்றுண்டி' என்று தொடங்குகிறது. எப்படிப் பொருத்துவது?
— உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: கடிகாரத்தை விட்டுவிட்டு, விழிக்கும் நேரத்திலிருந்து கணக்கிடச் சொல்லுங்கள். மாலை 4 மணிக்கு எழுந்தால் அதுதான் உங்கள் காலை. எடை பார்ப்பதும் அப்போதுதான்: கழிப்பறைக்குப் போய் வந்து, எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல். பெரிய சாப்பாட்டை வேலைக்குக் கிளம்புமுன் முடித்துவிடுங்கள். நடுநிசி தாண்டினால் சிறிதாக, புரதத்தோடு: அவித்த முட்டை இரண்டு, அல்லது ஒரு கைப்பிடி சுண்டல். விடியற்காலை 3 மணிக்கு வரும் பசியில் பாதி தூக்கக் கலக்கம். தண்ணீர் குடித்து ஐந்து நிமிடம் நடந்து பாருங்கள். காப்பியைத் தூங்கப்போவதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள்.

இரண்டு வார வேலை அட்டவணையை முன்கூட்டியே பயிற்றுநருக்கு அனுப்பிவிடுங்கள். பேசும் நேரத்தை எழுந்த பிறகு வையுங்கள். வேலை முடிந்து பேருந்தில் தூங்கி வழியும்போது எடுத்த முடிவு எதுவும் நிற்காது.

கேள்வி: ஒழுங்காகக் குறித்துவைக்கிறேன். முதல் மாதம் 2 கிலோ இறங்கியது. பிறகு மூன்று வாரமாக அசையவில்லை. கோச் 'நீங்கள் எதையோ எழுதவில்லை' என்கிறார். வருத்தமாக இருக்கிறது.
— தெம்பனிஸ் வாசகர்

பதில்: அவர் சொல்வது பெரும்பாலும் சரி, சொன்ன விதம்தான் சரியில்லை. முதல் மாத இறக்கத்தில் கொஞ்சம் தண்ணீரும் உண்டு. உப்பு கூடிய மறுநாள் ஒரு கிலோ ஏறுவதும் சகஜம். எனவே ஒருநாள் எடையைப் பார்க்காமல், ஏழு நாள் சராசரியை முந்தைய வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளந்துவாருங்கள். ஆசிய ஆண்களுக்கு 90 செ.மீ. எல்லை.

அதுவும் நகரவில்லை என்றால் வாரயிறுதியைப் பாருங்கள். திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு 500 கலோரி குறைத்தால் 2,500. வெள்ளி இரவு நான்கு டின் பியர் 560 கலோரி. சனிக்கிழமை உறவினர் வீட்டு பிரியாணி, ஞாயிறு காலை பரோட்டா என்று சேர்ந்து 2,000 கூடுதலாகப் போனால் மிச்சம் 500. ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி. அப்படியானால் வாரத்துக்கு 65 கிராம். தராசுக்கு அது தெரியவே தெரியாது.

அடுத்தது தே. 'சியூ டாய்' (இனிப்பு குறைவாக) என்று கேட்டாலும் இனிப்புக் கெட்டிப்பால் உள்ளே போகத்தான் செய்யும், அளவுதான் குறைவு. 'தே சி கோசோங்' என்றால் சர்க்கரை இல்லாமல், இனிப்பு சேர்க்காத டின் பால் மட்டும். நாளுக்கு மூன்று கோப்பை குடிப்பவர்கள் இதை மட்டும் மாற்றினாலே தராசு கொஞ்சம் அசையும். கடையில் வாங்கும் பானங்களில் நியூட்ரி-கிரேட் எழுத்தைப் பாருங்கள்: 100 மி.லி.க்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி', அதாவது கடைசித் தரம்.

உணவங்காடியில் கறிச்சாறு ஊற்றுமுன் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் நிறைய. ஊற்றிய பிறகு, மேலிருந்து, பக்கத்தில் ஒரு கரண்டியை வைத்து எடுங்கள். கரண்டி இருந்தால்தான் அளவு தெரியும். இரண்டாவது தடவை வாங்கிய சோற்றையும் எடுங்கள். பயிற்றுநர் வேறு நாட்டில் இருந்தால் நாசி பாடாங்கில் தேங்காய்ப்பால் எவ்வளவு என்று அவருக்குத் தெரியாமல் இருக்கலாம், நீங்களே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எனக்கு நீரிழிவு. மெட்ஃபார்மின், கிளிபிசைட் சாப்பிடுகிறேன். மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிடச் சொல்கிறார் கோச்.
— ஈசூன் வாசகர்

பதில்: மருத்துவரைப் பார்க்காமல் தொடங்காதீர்கள். மெட்ஃபார்மின் தனியாக ரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிபிசைட் இறக்கும், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் இன்னும் இறக்கும். அளவைக் குறைப்பதா, வேளையை மாற்றுவதா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து ரத்தச் சர்க்கரை அளவு லிட்டருக்கு 4.0 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடியுங்கள், 15 நிமிடம் கழித்து மீண்டும் அளந்து பாருங்கள். மருந்துப் பட்டியலைக் கேட்காமலேயே பட்டினி நேரம் குறித்துக்கொடுத்த பயிற்றுநரை மாற்றிவிடுங்கள். 'எம்பாகிளிஃப்ளோசின்' வகை நீரிழிவு மருந்து சாப்பிடுபவர்களும் இதே எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். அரிசியை அறவே விட்டுப் பட்டினியும் கிடந்தால் ரத்தத்தில் அமிலம் கூடும் ஆபத்து உண்டு.

நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் ஹெல்தியர் எஸ்ஜி என்ற அரசின் குடும்ப மருத்துவர் திட்டத்தில் நீங்கள் பதிந்த கிளினிக்கிலேயே இதைப் பேசலாம்.

கேள்வி: டெலிகிராமில் ஒருவர் 'மூலிகை' மாத்திரை விற்கிறார். கோச் என்றும் சொல்லிக்கொள்கிறார்.
— புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: வேண்டாம். மூலிகை என்று விற்றவற்றில் சிபுட்ராமின் கலந்திருந்ததைச் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. இதயத்துக்கும் மூளைக்கும் ஆபத்து என்று 2010-ல் விற்பனையை விட்டு எடுத்த மருந்து அது.

கேள்வி: என் கணவர் சேர்ந்திருக்கிறார். குழுக் காணொளியில் முகம் காட்டக் கூச்சப்படுகிறார், இரண்டு வாரமாகப் போகவில்லை. சமைப்பது நான்தான். நான் என்ன செய்யலாம்?
— ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: குழுவை விட்டுவிட்டுத் தனித் தொலைபேசிப் பேச்சாக மாற்றித் தரக் கேட்கச் சொல்லுங்கள். வீட்டருகே நடந்துகொண்டே பேசட்டும். பல ஆண்கள் திரைக்கு எதிரே உட்கார்ந்தால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்வார்கள், நடந்தால் பேசுவார்கள்.

அவருக்காக நீங்கள் உணவைப் பதிய வேண்டாம். பிறகு அது உங்கள் வேலையாகிவிடும். உங்கள் கையில் இருப்பது எண்ணெய். புது போத்தலைத் திறக்கும் நாளில் தேதியை அதன்மேல் எழுதுங்கள். மூன்று பேர் குடும்பத்தில் மாதம் 2 லிட்டர் தீர்ந்தால் ஆளுக்கு நாளுக்கு 22 மி.லி., ஏறக்குறைய 180 கலோரி. தாளிப்புக்குப் போத்தலிலிருந்து நேராக ஊற்றாமல் தேக்கரண்டியால் அளந்து ஊற்றி, அதே 2 லிட்டர் ஆறு வாரம் வருகிறதா என்று பாருங்கள்.