ஆனிக் காற்றும் நெருஞ்சி முள்ளும்: சைக்கிள் கேள்வி-பதில்

கேள்வி: ஆனியில் திருவையாற்றிலிருந்து சுவாமிமலை வழியே கும்பகோணத்துக்குத் தனியாக சைக்கிளில் போனேன். போக ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. திரும்ப இரண்டரை மணி நேரம். மேடே இல்லாத சாலையில் இது எப்படி?
- வாசகர், திருவையாறு

பதில்: போகும்போது மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, முதுகைத் தள்ளியிருக்கிறது. காலில் பலம் கூடிவிட்டதாக நினைத்திருப்பீர்கள்! 15 கி.மீ. வேகத்தில் காற்று வீசும்போது நீங்கள் 25-இல் கிழக்கே போனால், நெஞ்சில் மோதுவது 10 கி.மீ. காற்றுதான். அதே 25-இல் மேற்கே திரும்பினால் 40. மோதும் வேகம் நான்கு மடங்கு. காற்றின் எதிர்ப்போ வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதனால் பதினாறு மடங்கு. கூட்டமாகப் போனால் ஒருவர் முதுகில் இன்னொருவர் மாறி மாறி ஒதுங்கலாம், தனி ஆளுக்கு அந்த வசதி இல்லை. வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போவது மட்டும் வேண்டாம். பள்ளம் தெரியாது, அது நின்றால் உங்களால் நிற்க முடியாது.

ஆனி, ஆடியில் முதலில் மேற்கே, திருக்காட்டுப்பள்ளி, கல்லணை என்று போங்கள். திரும்பும்போது காற்றே கொண்டுவந்து சேர்க்கும். காலை 5.30-க்குக் கிளம்பினால் காற்று அடங்கியிருக்கும். வெயில் ஏற ஏற வலுக்கும். எதிர்காற்றில் கியரை இரண்டு படி இறக்கி, முழங்கையை மடக்கிக் குனியுங்கள். வலது முழங்கால் 15 விநாடியில் 20 முறை மேலே வந்தால் போதும். வேகமானியைப் பார்க்காதீர்கள், எரிச்சல்தான் மிஞ்சும்.

சமதரையில் இன்னொரு தொல்லை: இறக்கமே கிடையாது, மிதிப்பதை நிறுத்த வாய்ப்பில்லை. உட்கார்ந்த இடம் மரத்துப்போகும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று இருபது மிதி மிதியுங்கள், கைப்பிடியையும் மாற்றிப் பிடியுங்கள்.

கேள்வி: பஞ்சர் ஆனதும் புது ட்யூப் போட்டேன். ஐந்து நிமிடத்தில் அதுவும் இறங்கிவிட்டது. மட்டமான ட்யூபா?
- வாசகி, பாபநாசம்

பதில்: முள் டயரிலேயே இருந்திருக்கும். நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் டயருக்குள் ஒடிந்து நிற்கும், வெளியே தெரியாது. பழைய ட்யூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடியுங்கள். வால்விலிருந்து அது எவ்வளவு தூரம் என்று பார்த்து, டயரின் உட்புறம் அதே இடத்தைத் துணியால் துடையுங்கள். துணி மாட்டும் இடத்தில் முள். பிடுங்கிய பிறகுதான் புது ட்யூப். பக்கத்துப் பக்கமாக இரண்டு வெட்டு இருந்தால் அது முள் வேலை அல்ல; காற்று குறைந்த சக்கரம் பள்ளத்தில் இடித்ததால் வந்தது.

கையோடு இரண்டு ட்யூப், ஒட்டு, டயரைக் கழற்றும் லீவர், கைப்பம்பு எல்லாம் இருக்கட்டும். உங்களுடையது மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் பித்தளை அடாப்டர் ஒன்றும் வையுங்கள். அது இல்லாவிட்டால் ஊர்க்கடைப் பம்பு சேராது.

கேள்வி: தை, மாசியில் சாலை நெடுக நெல் காய்கிறதே?
- வாசகர், மன்னார்குடி

பதில்: முடிந்தவரை சுற்றிப் போங்கள், அது ஒருவருடைய விளைச்சல். வழியில்லாவிட்டால் நேராக, பிரேக் தொடாமல் கடக்க வேண்டும். நெல்மணி சக்கரத்தடியில் உருளும், திருப்பினால் விழுவீர்கள். வைக்கோல் பின்சக்கரக் கியரில் சுற்றினால் உடனே இறங்கி, மிதியைப் பின்னோக்கிச் சுற்றிக் கையால் உருவுங்கள். மிதித்துச் சமாளித்தால் கியர் மாற்றும் டீரெய்லர் வளைந்து சக்கரக் கம்பிகளுக்குள் போய்விடும், பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் வரவேண்டும்.