சொந்தக்கார சைக்காலஜிஸ்ட் மாமியாரிடம் சொன்னது தவறுதான்

தங்கச்சி, காரைக்குடியில் நீங்கள் பார்க்கும் சைக்காலஜிஸ்ட் உங்கள் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறை என்பதும், அறைக்குள் அழுது சொன்னதெல்லாம் அறுபதாம் கல்யாணப் பந்தியில் மாமியார் வாயிலிருந்தே திரும்பி வந்ததும் படித்து மனசே ஆறவில்லை. தவறு அவருடையது. சொந்தம் என்று தெரிந்த முதல் நாளே வேறு ஒருவரிடம் அனுப்பியிருக்க வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ம் பிரிவு ரகசியத்தை உங்கள் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி சில விலக்குகள் உண்டு, மாமியார் கேட்டார் என்பது அதில் கிடையாது.

யாரிடம் என்ன சொன்னார் என்று அந்த சைக்காலஜிஸ்டிடமே எழுத்தில் கேளுங்கள். மழுப்பினால், அவர் வேலை பார்க்கும் மருத்துவமனையின் பொறுப்பு டாக்டரிடம் புகார் கொடுங்கள்.

அப்புறம், மாத்திரையை நிறுத்திவிட்டு சைக்காலஜிஸ்டிடம் சாப்பிடுவதாகச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்களே, அது உங்கள் பக்கத்துப் பொறுப்பு. திடீரென்று நிறுத்தினால் சிலருக்குத் தலைசுற்றும், தூக்கம் கெடும். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் உடனே சொல்லிவிடுங்கள். கவுன்சலிங்குக்கு மதுரையோ திருச்சியோ போங்கள், உங்கள் குடும்பத்தைத் தெரிந்த முகம் அங்கே இருக்காது. அதுவரை அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.