கடைசி ஐந்து ஆட்டமும் அவே மேட்ச் பயமும்: இங்கிலாந்து கால்பந்தின் பிரீமியர் லீக் அட்டவணை, கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் அணிக்கு மீதி ஐந்தில் மூன்று அவே. போட்டி அணிக்கு மூன்று ஹோம். பட்டம் போச்சா?

பதில்: போகவில்லை. 20 அணிகளும் மற்ற 19 அணிகளோடு சொந்த மைதானத்தில் (ஹோம்) ஒன்று, எதிரணி மைதானத்தில் (அவே) ஒன்று என 38 ஆட்டம் ஆடுகின்றன. மொத்தமாகப் பார்த்தால் யாருக்கும் தனியாகக் கடினமான அட்டவணை கிடையாது, வரிசைதான் மாறும். இன்று அவே ஆட்டங்கள் அதிகம் பாக்கி வைத்திருக்கும் அணி, ஹோம் ஆட்டங்களை முன்பே ஆடி அந்தப் புள்ளிகளைக் கையில் வாங்கிவிட்டது.

எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். பிரீமியர் லீக்கில் ஓர் அணி ஹோமில் சராசரியாக ஆட்டத்துக்கு 1.6 புள்ளியும், அவேயில் 1.1 முதல் 1.2 வரையும் எடுக்கும். எதிரணிகளின் பலம் சமம் என்றால், மூன்று ஹோம் இரண்டு அவே உள்ள அணிக்கும் அதற்கு நேர்மாறான அணிக்கும் இடைவெளி ஏறத்தாழ அரைப் புள்ளிதான். நீங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தால் அந்த முன்னிலைக்குத்தான் மதிப்பு அதிகம்.

கேள்வி: மீதி அட்டவணையின் கடினத்தைக் கணக்குப் போடுவது எப்படி?

பதில்: எதிரணி பட்டியலில் எத்தனையாவது இடம் என்று பார்க்காதீர்கள். அந்த மைதானத்துக்கு வந்த அணிகள் எவ்வளவு புள்ளி எடுத்துக்கொண்டு போயின என்று பாருங்கள். ஓர் எதிரணி 16 ஹோம் ஆட்டத்தில் 9 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி என்று வைத்துக்கொள்வோம். வெற்றிக்கு 3 புள்ளி, டிராவுக்கு 1 என்பதால் வந்தவர்கள் எடுத்தது 3×3 + 4 = 13. அதை 16-ஆல் வகுத்தால் 0.81. அதே அணி வெளியில் 5 வெற்றி, 4 டிரா, 7 தோல்வி என்றால் அதை வரவழைத்தவர்கள் எடுத்தது 25, ஆட்டத்துக்கு 1.56. ஒரே எதிரணிதான், எங்கே சந்திக்கிறீர்கள் என்பதில் முக்கால் புள்ளி மாறுகிறது.

மீதியுள்ள ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இப்படி எண் போட்டுக் கூட்டுங்கள். போட்டி அணிக்கும் அதையே செய்து கழியுங்கள். ஐந்து ஆட்டத்துக்கு வித்தியாசம் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைப் புள்ளிக்குள் நிற்கும். பத்து ஹோம் ஆட்டம் முடியாத நிலையில் இந்தக் கணக்கு வேண்டாம். அப்போது ஒரே ஒரு முடிவு மாறினாலும் சராசரி ஆடிவிடும்.

கேள்வி: ஃபேன்டஸியில் (நிஜ வீரர்களை வைத்து நாமே அணி அமைக்கும் விளையாட்டு) யாரை கேப்டன் போடலாம்?

பதில்: அதற்கு வேறு இடம் கேளுங்கள். இங்கே அட்டவணை மட்டும்.

கேள்வி: கடைசியில் தொடர்ந்து அவே ஆட்டம் வராமல் இருக்க விதி உண்டா?

பதில்: உண்டு. அட்டவணை வரையும்போது அடுத்தடுத்த எந்த ஐந்து ஆட்டத்திலும் ஹோம், அவே 3-2 என்று இருக்கும்படி பார்க்கிறார்கள். சீசனின் முதல் இரண்டு ஆட்டமோ கடைசி இரண்டு ஆட்டமோ ஒரே பக்கமாக வைப்பதில்லை. இதைக் குலைப்பது ஒத்திவைத்த ஆட்டங்கள். மீதி அட்டவணையைத் திறந்தால் முதலில் அவற்றைத் தேடுங்கள்.

2021-22 ஆர்சனலை எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரி 16-இல் டாட்டன்ஹாம் மைதானத்தில் ஆட வேண்டியது மே 12-க்குத் தள்ளிப்போனது. 3-0 தோல்வி. நான்கு நாள் கழித்து நியூகாசிலில் 2-0 தோல்வி. அந்த இரண்டுக்கும் முன் டாட்டன்ஹாமைவிட நான்கு புள்ளி மேலே இருந்த அணி, முடிவில் 69 புள்ளியோடு ஐந்தாமிடம். டாட்டன்ஹாம் 71 எடுத்து நான்காமிடம் பிடித்து, ஐரோப்பிய கிளப்களின் சாம்பியன்ஸ் லீக் போட்டிக்குப் போனது.

கேள்வி: நீங்களே ஆர்சனல் கதை சொல்லிவிட்டு அவே முக்கியமில்லை என்கிறீர்களே! 2022-23-லும் அவேயில்தானே விழுந்தோம்?

பதில்: முக்கியமில்லை என்று சொல்லவில்லை, அளவைச் சொன்னேன். 2022-23-இன் கடைசி ஒன்பது ஆட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். அவே ஐந்து: லிவர்பூல் 2-2, வெஸ்ட் ஹாம் 2-2, மான்செஸ்டர் சிட்டியிடம் 4-1 தோல்வி, நியூகாசிலில் 2-0 வெற்றி, ஃபாரஸ்டில் 1-0 தோல்வி. ஹோம் நான்கு: சவுத்தாம்ப்டனோடு 3-3, செல்சீ மீது வெற்றி, பிரைட்டனிடம் 3-0 தோல்வி, வுல்வ்ஸ் மீது வெற்றி.

கேள்வி: அதைத்தான் சொல்கிறேன். அவேயில் 10 புள்ளி இழந்தோம், ஹோமில் 5 மட்டுமே.

பதில்: அந்த 5-ஐ விட்டுவிடாதீர்கள். சிட்டி 89, ஆர்சனல் 84. இடைவெளி சரியாக 5. சவுத்தாம்ப்டன் அந்த சீசனில் கடைசி இடம். லிவர்பூலிலும் சிட்டியிலும் புள்ளி போவது எந்த அணிக்கும் நடக்கக்கூடியது. கடைசி இட அணியிடம் சொந்த மைதானத்தில் மூன்று கோல் வாங்குவதற்கு அட்டவணை எப்படிப் பொறுப்பாகும்? மார்ச் 16-இல் போர்ச்சுகலின் ஸ்போர்ட்டிங் அணியுடன் ஐரோப்பியப் போட்டியில் ஆடியபோது ஆர்சனல் தடுப்பாட்டக்காரர் சலீபா காயமடைந்தார், அதன்பின் அந்த சீசனில் ஆடவேயில்லை. அதுவரை 27 லீக் ஆட்டத்திலும் அவர்தான் தடுப்பில் தொடங்கினார். என் கணிப்பில் அட்டவணையைவிட அந்த இழப்பே பெரிது.

கேள்வி: பட்டத்துக்கு ஆடும் அணிக்கு எதிரணி ரசிகர் கூட்டத்தின் அழுத்தம் கூடாதா?

பதில்: கூட்டத்துக்கு விளைவு உண்டு. 2020-21-இல் ஏறக்குறைய முழு சீசனும் காலி மைதானம். அவே வெற்றி 153, ஹோம் வெற்றி 144, டிரா 83. இங்கிலாந்தின் உச்ச லீக்கில் அவே வெற்றி மிஞ்சியது அதுவே முதல் முறை. கூட்டம் இல்லாதபோது வந்த அணிக்குக் காட்டும் மஞ்சள் அட்டையும் குறைந்தது. ஆனால் அந்த விளைவு ஆகஸ்டிலும் உண்டு, மேயிலும் உண்டு. கடைசி மாதத்தில் மட்டும் அது இரட்டிப்பாகிறது என்பதற்கு மேலே பிரித்த ஒன்பது ஆட்டம் போதாது.

கேள்வி: அண்ணா, கடைசி வாரம் கீழே இருக்கும் அணியோடு ஆட்டம். சுலபம்தானே?

பதில்: மறுபடியும் இடத்தைப் பார்க்கிறீர்கள். மேலே உள்ள கணக்கைப் போடுங்கள்.

கேள்வி: ஃபேன்டஸியில் டிஃபெண்டர்...

பதில்: இல்லை.

கேள்வி: அவே இல்லையென்றால் எதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும்?

பதில்: நாள் இடைவெளியை. இரண்டு ஆட்டத்துக்கு நடுவே 72 மணி நேரத்துக்குக் குறைந்தால் தசைகள் முழுதாக மீளாது, தொடைத் தசைக் காயம் கூடும். வியாழன் இரவு ஐரோப்பியப் போட்டியை வெளிநாட்டில் ஆடிவிட்டு ஞாயிறு மதியம் அவே ஆட்டம் என்றால் கவலைப்படுங்கள். ஒரு வாரம் ஓய்வெடுத்துவிட்டுப் போகும் அவே ஆட்டம் அந்த வகையில் சேராது.

கேள்வி: அமெரிக்கன் ஃபுட்பால் லீக்கான என்.எஃப்.எல்-லிலும் இப்படித்தானா?

பதில்: இல்லை. அங்கே 32 அணி, ஆளுக்கு 17 ஆட்டம்தான். எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதில்லை. அதனால் அட்டவணைக் கடினம் உண்மையிலேயே மாறும். ஆனால் ஒரே டிவிஷனின் (லீக்கின் உட்குழு) நான்கு அணிகளை ஒப்பிட்டால் 17-இல் 3 ஆட்டத்தின் எதிரணிகள்தான் வேறு, சென்ற சீசனில் பிடித்த இடத்தை வைத்து அவை அமையும். சென்ற ஆண்டு வெற்றி விகிதத்தைக் கூட்டி ‘கடினமான அட்டவணை’ என்று கோடையில் வெளியாகும் பட்டியலை நம்பாதீர்கள். வீரர்களும் பயிற்சியாளர்களும் மாறிவிட்ட அணிகளுக்கு அது பழைய எண்.