பழைய காரும் க்ரேயான் கோடும்

வணக்கம் சார்,

மிச்சிகனில் ட்ராய் பக்கம் இருக்கிறேன். ஆகஸ்ட் மாதம் உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்களின் ஊர்வலம் நடக்கும். இந்த வருடம் பக்கத்து வீட்டுக்காரர் தன் 1964 பான்டியாக் ஜிடிஓவில் என்னையும் கூட்டிப் போனார். ஆறு வருடம் உட்கார்ந்து கழற்றி மாட்டிய கார். ஏசி இல்லை, நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், பெட்ரோலைக் குடிக்கிறது. என் மின்சாரக் கார் இதைவிட வேகம். ஆனாலும் அதை விட்டு இறங்க மனமே வரவில்லை. வெறும் பழைய நினைப்புதானா இது?

ஆர்., ட்ராய்

அன்புள்ள ஆர்.,

அந்தக் காரை இளவயதில் பார்த்து ஏங்கியவர்களுக்குப் பழைய நினைப்பு என்று சொல்லலாம். நீங்கள் ஏன் இறங்கவில்லை?

முதலில் காது. வண்டி நகராமல் நிற்கும்போது, ஐடிலில், அந்த எஞ்சின் சீராக இரையாமல் தடுமாறுவதுபோல ஓடியிருக்கும். கோளாறு இல்லை. இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என்று இருக்கிற எட்டு சிலிண்டரும் சம இடைவெளியில்தான் வெடிக்கின்றன. ஆனால் இடம், வலம் என்று மாறி மாறி வெடிப்பதில்லை. சில சமயம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு. பக்கத்துக்கு ஒரு புகைக்குழாய் என்பதால் அந்தக் கோணல் தாளம் அப்படியே வெளியே வருகிறது. இப்போது மின்சாரக் காரில் ஸ்பீக்கர் வைத்து இதைக் கொண்டுவரப் பார்க்கிறார்கள், பாவம்.

அப்புறம் அது பிறந்த கதை. நடுத்தர அளவுக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது பான்டியாக்கின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் அன்றைய விதி. பான்டியாக்கின் தலைமைப் பொறியாளர் ஜான் டெலோரியனும் சகாக்களும் பெரிய காரின் 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி டெம்பெஸ்ட் என்ற நடுத்தரக் காரில் வைத்தார்கள். புது மாடல் என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும். அதனால் ‘கூடுதல் வசதி’ என்று சுமார் 296 டாலருக்கு விலைப்பட்டியலில் நுழைத்துவிட்டார்கள். முதல் வருடமே 32,450 கார் விற்றது. பானட்டில் இரண்டு காற்றுத் திறப்பு பார்த்திருப்பீர்களே, அந்த வருடக் காரில் அவை சும்மா அலங்காரம். பெயர்கூட ஃபெராரியிடம் சுட்டது. இந்தத் திருட்டுத்தனம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

சில வருடங்களுக்கு முன் அங்கே ஒரு ஷெட்டில் இதே மாதிரி ஒரு கார், பாடி தனியாக, சேசிஸ் தனியாகக் கிடந்தது. உரிமையாளர் மண்டியிட்டு, பின் ஆக்சிலில் மஞ்சள் க்ரேயானால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்தார். துருவைச் சுரண்டும்போது பழைய கோடு தென்பட்டிருக்கிறது. போட்டோ எடுத்து வைத்து, பெயின்ட் அடித்த பிறகு அதே இடத்தில் திரும்பப் போடுகிறார். தொழிற்சாலையில் யாரோ ஒருவர் ‘பார்த்தாச்சு’ என்று அவசரத்தில் கிழித்த கோடு. இவர் மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் துடைத்தார். ரொம்ப நேராக வந்துவிட்டதாம்.

எல்லோரும் இப்படி இல்லை. பாதிப் பேர் முகம் பார்க்கிற அளவுக்குப் பாலிஷ் ஏற்றிவிடுகிறார்கள். ஆலையிலிருந்து வந்தபோது அந்தப் பெயின்ட் ஆரஞ்சுத் தோல் மாதிரிதான் இருந்தது, கதவு இடைவெளிகூடச் சமமாக இருக்காது. அந்த மினுக்குக் கார்கள் முன்னால் நான் நிற்பதே இல்லை.

உங்கள் கார்தான் வேகம், பிரேக்கும் அதில்தான் பிடிக்கும், சரி. அடுத்த தடவை பக்கத்து வீட்டுக்காரர் வண்டியைத் தூக்கி நிறுத்தும்போது அடியில் எட்டிப் பாருங்கள். கோடு இருந்தால் போட்டோ அனுப்புங்கள். வெறும் ஜாக்கை நம்பி உள்ளே போய்விடாதீர்கள், ஸ்டாண்ட் வைத்திருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.