மேற்கோள் எண்ணை எப்படிப் படிப்பது? வன்பொருள் ஆய்வு பற்றிய கேள்வி பதில்

மேற்படிப்புக்கு மேற்பார்வையாளர் தேடும் நம் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்கொலரைத் திறந்தவுடன் அங்குள்ள மேற்கோள் எண்களை (ஒருவரின் கட்டுரையை மற்றக் கட்டுரைகள் எத்தனை தடவை குறிப்பிட்டிருக்கின்றன என்ற கணக்கை)ப் பார்த்து மிரண்டு போகிறார்கள். நான் கணினி வன்பொருள் ஆய்வில் இருப்பவன். வந்த கேள்விகளுக்கு அந்தத் துறையை வைத்தே பதில் சொல்கிறேன்.

வந்தாறுமூலை மாணவி: சேர், எச்-இன்டெக்ஸ் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் கொண்டுவந்த கணக்கு இது. எச் 4 என்றால், குறைந்தது நாலு மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் நாலு இருக்கின்றன, ஐந்துக்கு அப்படிச் சொல்ல முடியாது என்று அர்த்தம். ஒருவரின் கட்டுரைகள் 40, 12, 6, 5, 3 என்று மேற்கோள் பெற்றிருக்கின்றன என்று வையுங்கள். நாலாவது கட்டுரைக்கு நாலுக்குக் குறையாமல் இருக்கிறது, ஐந்தாவதுக்கு ஐந்து இல்லை. ஆகவே எச் 4. முதல் கட்டுரைக்கு 40க்குப் பதில் 4000 கிடைத்திருந்தாலும் அதே 4தான்! ஒரே ஒரு பெரிய வேலை செய்தவரை இந்த எண் கண்டுகொள்ளாது.

ஒலுவில் மாணவர்: அண்ணன், நான் பார்த்து வைத்திருக்கும் பேராசிரியருக்குச் சஞ்சிகைக் கட்டுரை குறைவு, எல்லாம் மாநாடுகள். மருத்துவம் படித்த மச்சான் "மாநாட்டுக் கட்டுரைக்கு மதிப்பில்லை" என்கிறார்.

மச்சான் தன் துறைக்குச் சரியாகத்தான் சொல்கிறார். செயலிகளை வடிவமைக்கும் எங்கள் கணினிக் கட்டமைப்புத் துறையில் நிலைமை வேறு. 1973இல் தொடங்கிய ஐ.எஸ்.சி.ஏ., அப்புறம் மைக்ரோ, எச்.பி.சி.ஏ., அஸ்ப்லொஸ் ஆகிய மாநாடுகளில் முழுக் கட்டுரையையும் பல மதிப்பாய்வாளர்கள் படித்துக் கிழிப்பார்கள். அனுப்புவதில் பெரும்பகுதி திரும்பி வரும்.

எங்கள் துறை ஆய்வாளர் நோர்மன் ஜூப்பியைப் பாருங்கள். பதுக்கு நினைவகத்தின் (செயலிக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய, வேகமான நினைவகம்) வேகத்தைக் கூட்டும் 'விக்டிம் கேஷ்' கட்டுரையை 1990இல் ஐ.எஸ்.சி.ஏ.வில் வெளியிட்டார். செயற்கை நுண்ணறிவுக்கான கூகுளின் டி.பி.யூ. சில்லு பற்றிய 2017ஆம் ஆண்டுக் கட்டுரையும் அதே மாநாட்டில்தான் வந்தது. அந்த இரண்டாவது கட்டுரைக்கு எழுபதுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள். மேற்கோள் ஒவ்வொன்றும் அத்தனை பேரின் கணக்கிலும் முழுசாக ஏறும். எண்ணைப் பார்க்கும்போது எத்தனை பேர் பங்கு போட்டார்கள் என்பதையும் பாருங்கள்.

காரைதீவு: ஒருவருக்கு அதிக மேற்கோள் ஒரு சிமுலேட்டர் மென்பொருளுக்கு வந்திருக்கிறது. அதை ஆய்வு என்று சொல்லலாமா?

தாராளமாக. புதுச் சில்லு ஒன்றை வார்த்துப் பார்க்க எந்தக் கெம்பஸிடமும் இலேசில் காசு இருக்காது. சில்லு எப்படி நடக்கும் என்று கணினியிலேயே போலச் செய்து காட்டும் ஜெம்5 போன்ற சிமுலேட்டரில் ஓட்டித்தான் பார்க்கிறோம், பயன்படுத்தினால் அதன் கட்டுரையைக் குறிப்பிட வேண்டும். 2011இல் அது வெளியானது கணினித் துறையினரின் ஏ.சி.எம். அமைப்பின் ஒரு செய்தி இதழில். இன்றைக்கு அதன் மேற்கோள்கள் ஆயிரக்கணக்கில்.

கல்முனை: என் பெயருக்கு முன்னால் மூன்று இனிஷியல். ஒவ்வொரு கட்டுரையிலும் ஒவ்வொரு மாதிரி வந்திருக்கிறது. பாதிக்குமா?

நன்றாகப் பாதிக்கும். நம் ஆட்கள் தமிழரானாலும் முஸ்லிம்களானாலும் இதில் மாட்டுகிறார்கள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, படிவமோ குடும்பப் பெயர் கேட்கிறது. கந்தையாவின் மகன் சுதாகரன் ஒரு மாநாட்டில் "கே. சுதாகரன்" என்று போடுகிறார். அடுத்ததில் "சுதாகரன் கந்தையா" என்று நிரப்புகிறார். மேற்கோள் காட்டுகிறவர் அதை "எஸ். கந்தையா" என்று சுருக்குகிறார். ஆக, உழைத்தது மகன், பேர் தகப்பனுக்கு.

முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவு செய்து மாற்றாமல் இருங்கள். ஆய்வாளருக்கான அடையாள எண்ணான ஓர்கிட் எண் எடுங்கள்: 16 இலக்கம், இலவசம். ஜேர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்தில் 1993இல் தொடங்கிய கணினியியல் கட்டுரைகளின் டி.பி.எல்.பி. பட்டியல், ஒரே பெயர்க்காரர்களை 0001, 0002 என்று இலக்கம் போட்டுப் பிரிக்கிறது. அங்கே உங்கள் பெயர் வந்திருந்தால் சரிபாருங்கள். கூகுள் ஸ்கொலர் மற்றவரின் கட்டுரையையும் உங்கள் கணக்கில் சேர்த்துவிடும். அதை நீக்குவது உங்கள் பொறுப்பு. சிலர் நீக்குவதில்லை, ஏன் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஏறாவூர்: கூகுளில் ஒரு எண், ஸ்கோபஸில் பாதி. எது பொய்?

இரண்டும் உண்மை. கூகுள் ஆய்வேடு, முன்பதிப்பு (மதிப்பாய்வுக்கு முன் வெளியிடுவது) எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளம் தெரிந்தெடுத்த இதழ்கள், மாநாடுகள், நூல்களை மட்டும். விண்ணப்பத்தில் எதன் எண் என்று எழுதுங்கள்.

அக்கரைப்பற்று: கட்டுரை அனுப்பி மூன்றே நாளில் ஏற்றுக்கொண்டார்கள். காசு கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள்.

களுவாஞ்சிக்குடி, ஒரு தகப்பன்: தம்பி, மகள் தெரிவு செய்த பேராசிரியருக்கு மேற்கோள் வருஷா வருஷம் கூடுது, புதுக் கட்டுரையைக் காணோம். சேர்க்கலாமா?

ஐயா, மேற்கோள் பழைய வேலைக்கும் வந்துகொண்டே இருக்கும். ஐ.பி.எம். பொறியியலாளர் டொமாசுலோ, கட்டளைகளை வரிசை மாற்றிச் செய்து செயலியை வேகமாக்க 1967இல் எழுதிய வழிமுறை 1990களின் செயலிகளில்தான் பரவலாக வந்தது, எங்கள் துறையின் எக்கெர்ட்-மோக்லி விருது அவருக்குக் கிடைத்தது 1997இல். ஆகவே எண்ணை விட்டுவிட்டு அவருடைய கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளைத் திறக்கச் சொல்லுங்கள். எங்கள் துறையில் பெரும்பாலும் மாணவர் பெயர் முதலில், மேற்பார்வையாளர் பெயர் கடைசியில் வரும். அப்படி ஒன்றும் இல்லையென்றால் அவரிடம் இப்போது மாணவர்கள் வேலை செய்யாமல் இருக்கலாம். இருந்தால், அந்த முதல் பெயர்க்காரருக்கு மகள் ஒரு மின்னஞ்சல் போடட்டும்: பேராசிரியர் வாரத்தில் எவ்வளவு நேரம் தருகிறார், படிப்பை முடிக்க எத்தனை வருடம் ஆனது என்று.