மேசைமேல் பொம்மைகள்: கேட்டீர்கள், சொல்கிறேன்

பத்துப் பன்னிரண்டு வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறேன், மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகி ஒரு சாகசக் கதையை ஆடும் விளையாட்டு அது. அந்த வருடங்களில் முக்கால்வாசி டிஎம்மாக, அதாவது கதையை நடத்துபவராக, குறிப்புகளை மறைக்கும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தது. மினியேச்சர் (பாத்திரங்களைக் காட்டும் சின்னப் பொம்மை), டெரெய்ன் (அவை நிற்கும் சுவர், மரம், பாலம் மாதிரி அமைப்பு) பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: அக்கா, மினியேச்சர் இல்லாமல் ஆடினால் அது அரைகுறை ஆட்டமா?

ப: யார் சொன்னது? 1974ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் வெளியிட்ட, இந்த விளையாட்டின் முதல் பெட்டியின் அட்டையில் காகிதம், பென்சில், மினியேச்சர் உருவங்களோடு ஆடும் போர் விளையாட்டு விதிகள் என்றுதான் போட்டிருந்தது, ஏனென்றால் இது பிறந்ததே பொம்மைப் படைகளை வைத்து ஆடிய போர் விளையாட்டுகளிலிருந்து. ஆனால் உள்ளே புரட்டினால் பொம்மை கட்டாயமில்லை, இருந்தால் பார்க்க அழகு என்கிற மாதிரிதான் எழுதியிருந்தார்கள். என் அளவுகோல் ஒன்றுதான்: ஒரே சுற்றில் இரண்டு பேர் "இப்போ நான் எங்கே நிற்கிறேன்?" என்று கேட்டால் பொம்மையை எடுத்து வையுங்கள். யாரும் கேட்கவில்லையா, பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

கே: அரக்கன் வகைகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மினி வாங்க முடியுமா?

ப: வாங்காதீர்கள். பாட்டில் மூடி, பித்தான், சதுரங்கக் காய், எண் எழுதிய அட்டை, எல்லாம் கோப்ளின் என்கிற குட்டி அரக்கன்தான். இரும்பைத் துருவாக்கும் ரஸ்ட் மான்ஸ்டர், பாதி ஆந்தை பாதி கரடியான ஆவுல்பேர் இரண்டும் எங்கிருந்து வந்தன தெரியுமா? கைகாக்ஸ் தன் மேசைக்கு அரக்கர்கள் வேண்டும் என்று மலிவான பிளாஸ்டிக் பொம்மைப் பாக்கெட் வாங்கினார், அதிலிருந்த இன்னதென்றே தெரியாத விசித்திர உருவங்களுக்குப் பேரும் குணமும் கொடுத்தார். பொம்மை முதலில், அரக்கன் அப்புறம்! வீரர்களின் பாத்திரங்களுக்கு மட்டும் நல்ல மினி வாங்குங்கள், அது வருடக்கணக்கில் மேசையில் இருக்கப்போவது.

கே: மினி பாக்கெட்டில் 28 மிமீ என்று போட்டிருக்கிறதே, எதை அளக்கிறார்கள்? சண்டை நடக்கும் இடத்தைக் காட்டும் மேப்பின் கட்டத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

ப: பெரும்பாலும் பாதத்திலிருந்து கண் வரைக்கும். கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ரொம்ப நம்பாதீர்கள். கட்டம் ஒரு அங்குலம், ஆட்டத்தில் அது 5 அடி. ஆறடி ஆள் அந்தக் கணக்கில் சுமார் 30 மிமீ வருவான், அதனால் 28 பொருந்திப்போகிறது. சாதாரண ஆளுக்கு ஒரு கட்டம், ஓகர் என்ற பூதம் மாதிரி பெரியதற்கு 2×2, அதற்கும் மேலே 3×3, முழு வளர்ச்சி பெற்ற கிழட்டு டிராகனுக்கு 4×4. டெரெய்ன் செய்யும்போது உருவத்தின் உயரத்தைவிட அடித்தட்டின் அகலத்தைப் பாருங்கள். படிக்கட்டு தத்ரூபமாக இருக்கும், ஆனால் 25 மிமீ அடித்தட்டு நிற்காமல் விழுந்துகொண்டே இருக்கும். நானும் செய்திருக்கிறேன்.

கே: 24×36 அங்குல மேப்பில் வில்லாளி விளிம்பில் முட்டிக்கொள்கிறார். என்ன செய்வது?

ப: லாங்போ என்ற நீண்ட வில்லின் சாதாரண எல்லையே 150 அடி, அதாவது 30 கட்டம். குறுக்கு அகலத்தில் இடம் பற்றாது. அந்தச் சண்டைக்கு மட்டும் ஒரு கட்டம் 10 அடி என்று அறிவித்துவிடுங்கள், இல்லையென்றால் "மேப்புக்கு வெளியே 60 அடி" என்று ஒரு சீட்டில் எழுதி அதன்மேல் பொம்மையை வையுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கே: தெர்மோகோலில் கோட்டைச் சுவர் செய்து ஸ்ப்ரே பெயிண்ட் அடித்தேன். சுவர் உருகிப் புண் மாதிரி ஆகிவிட்டது. ஏன்?

ப: ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்றுவிடும். தெர்மோகோலும் சரி, கெட்டியாக வரும் எக்ஸ்பிஎஸ் பலகையும் சரி, இரண்டும் அதே பொருள்தான். சூப்பர் குளூவும் பெரும்பாலும் இதே வேலையைச் செய்யும். மர வேலைக்கான வெள்ளைப் பசையில் கறுப்பு அக்ரிலிக் பெயிண்டைக் கலந்து பிரஷ்ஷால் இரண்டு கோட் அடியுங்கள், பூச்சும் ஆச்சு, தோலும் ஆச்சு. அதற்குப் பிறகும் ஸ்ப்ரே வேண்டாம், ஒரு ஊசிமுனை இடம் விட்டுப்போனாலும் அங்கிருந்து குழி விழும்.

அப்புறம் முடிந்தால் எக்ஸ்பிஎஸ்ஸுக்கு மாறுங்கள். தெர்மோகோல் வெட்டினால் மணிமணியாக உதிரும், இது வெண்ணெய் மாதிரி வெட்டும், பென்சிலால் அழுத்திக் கோடு போட்டாலே செங்கல் வரிசை. அலுமினியத் தாளைக் கசக்கி உருட்டி மேலே ஒற்றினால் கல்லின் சொரசொரப்பு வந்துவிடும். சாம்பல் அடித்து, தண்ணீராய்க் கரைத்த கறுப்பை இடுக்குகளில் ஓடவிட்டு, காய்ந்ததும் பிரஷ்ஷைக் கிட்டத்தட்ட உலரத் துடைத்து வெளிர் சாம்பலை மேடுகளில் மட்டும் தேய்த்துவிடுங்கள். சுவர் உயரம் ஒரு அங்குலத்துக்குள் இருக்கட்டும், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு உள்ளே நடப்பது தெரிய வேண்டாமா?

கே: கை நடுங்குகிறது. பெயிண்ட் செய்ய வருமா?

ப: வரும். இரண்டு மணிக்கட்டையும் மேசை விளிம்பில் ஊன்றுங்கள், பெயிண்டை நீர்க்கவைத்து மெல்லிதாக இரண்டு தடவை அடியுங்கள். கண்ணில் கருவிழி வைக்கவே வைக்காதீர்கள், மூன்றடி தூரத்தில் யாருக்குத் தெரியப்போகிறது.

கே: நான் டெரெய்னை எடுத்து வைத்தாலே "ஓ, சண்டை வரப்போகிறது" என்று எல்லோரும் வாளை உருவுகிறார்கள். பேசித் தீர்க்க வேண்டிய காட்சிகூட வெட்டுக்குத்தில் முடிகிறது.

ப: வந்ததிலேயே நல்ல கேள்வி இதுதான். ஒரு தடவை மூன்று வாரம் உட்கார்ந்து தொங்குபாலம் கட்டினேன். கயிறெல்லாம் நிஜ நூல். பள்ளத்தாக்குக்கு வந்ததும் ஒருத்தர் "கீழே படகு கிடைக்குமா?" என்று கேட்டார், எல்லோரும் இறங்கிப் போய்விட்டார்கள். எனக்கு முகம் தொங்கிவிட்டது, அதைப் பார்த்துப் பாவப்பட்டுத் திரும்பி வந்து பாலத்தில் ஏறினார்கள். அந்த ஆட்டம் செத்துவிட்டது. நீங்கள் கட்டியது மேசைக்கு வந்தே தீர வேண்டும் என்று நினைத்தால் கதையை ஓட்டுவது அந்த அட்டைப்பெட்டிதான், எதிரே இருக்கும் நாலு பேர் இல்லை.

அதனால் ஒரே இடத்துக்காக எதையும் கட்டாதீர்கள். உடைந்த சுவர் நாலு, பீப்பாய், மரம், மேசை, மேடு, இவ்வளவு போதும், சந்தையும் அதுதான் மயானமும் அதுதான். சண்டை இல்லாத காட்சிக்கும் அவற்றை வையுங்கள், விருந்து மண்டபத்தில் யார் யார் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதே ஒரு செய்தி. வைக்கும் ஒவ்வொன்றையும் ஆடுபவர் ஏதாவது செய்ய முடிய வேண்டும். விதிகளின் ஐந்தாம் பதிப்பில் பாதி மறைவுக்கு கவச எண்ணில் (அடி படாமல் காக்கும் எண்) +2, முக்கால் மறைவுக்கு +5, ஆக ஒரு பீப்பாயே உயிரைக் காப்பாற்றும். அழகான நீரூற்று மூலையில் சும்மா நின்றால் அது ஷோகேஸ்.

கே: ஒரு நண்பர் ஒவ்வொரு முறையும் கட்டம் எண்ணியே பத்து நிமிடம் எடுக்கிறார்.

ப: 30 அடி என்றால் 6 கட்டம், அவர் தாளில் கட்டக் கணக்கிலேயே எழுதிக் கொடுங்கள். ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரத்துக்கு 8 அங்குல விட்டத்தில் ஒரு கம்பி வளையம் செய்து மேப்பில் போட்டால் வாதமே இல்லை.

கே: சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடு. பழைய உலோக மினிகளும், ரெசின் என்ற திரவப் பிசினை இறுக்கிப் பொம்மை செய்யும் 3டி பிரிண்ட்டரும் பரவாயில்லையா?

ப: பழைய உலோக மினிகள் பலவற்றில் ஈயம் உண்டு, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், தொட்டால் கை கழுவுங்கள். ரெசினில் நுணுக்கம் அபாரம், ஆனால் இறுகாத ரெசின் தோலுக்கு ஆகாது: கையுறை, காற்றோட்டம், ஆல்கஹால் கழுவல், யூவி வெளிச்சம் எல்லாம் வேண்டும். பிள்ளைகள் ஓடும் அறையில் வேண்டவே வேண்டாம். சுவரும் கதவும் செய்ய, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் இழை பிரிண்ட்டர் போதும்.

கே: எடுத்துப்போகும்போது வாளும் கொம்பும் ஒடிகின்றன, அக்கா.

ப: அடித்தட்டுக்குக் கீழே சின்னக் காந்தம் ஒட்டுங்கள், தகரப் பெட்டியில் நிற்க வையுங்கள். தகரம் காந்தத்தில் ஒட்டுகிறதா என்று வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள், நான் பார்க்காமல் வாங்கியது அலுமினியம்.